பலகையில் ஒரே விலை

நரசீபுரத்தில் விடிகாலை 3 மணிக்கு நாய் குரைத்தால் யாரும் எழுந்துபோய்ப் பார்ப்பதில்லை. தகர டின்னைத் தட்டும் சத்தம் கேட்டால்தான் ஊர் விழிக்கும். வாழைத் தோட்டத்துக்குள் யானை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு டின் சத்தம் இல்லை. ஆனால் அக்கா வீட்டு வாசலில் ஒரு குட்டியானை நின்றுகொண்டிருந்தது. டாடா ஏஸ் வண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

வண்டியில் ஏற்கெனவே நான்கு தோட்டத்துக் காய் ஏறியிருந்தது. புடலை, பாகல், அரசாணிக்காய், ஓரமாக இரண்டு வாழைத்தார். மாமா தன் பங்குக்குக் கத்திரிக்காய்ப் பெட்டிகளை ஏற்றினார். அக்கா வெண்டைக்காய்ச் சாக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "இன்னைக்காச்சும் வெறும் சாக்கா திரும்பி வரட்டும்" என்றாள். மாமா காதில் விழாத மாதிரி கயிற்றை இறுக்கினார்.

மாமாவுக்கு உழவர் சந்தை அடையாள அட்டை கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை விளைந்ததெல்லாம் மண்டிக்கே போனது. அங்கே கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்துக் கையில் தரும் சீட்டைப் பார்த்தால் பறிகூலிக்குக் கட்டுமா என்றே சந்தேகம் வரும். அதனால்தான் அட்டைக்கு அலைந்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா, அடங்கல் வாங்கி, அதிகாரி தோட்டத்துக்கு வந்து என்ன பயிர் நிற்கிறது என்று பார்த்துப்போய், போட்டோ ஒட்டிய அட்டை கைக்கு வந்தது. முதல் நாள் 40 கிலோ கத்திரிக்காய் கொண்டுபோனார். 18 கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்தார். எதிர்க்கடையில் அதே புளியம்பூ கத்திரி, அதே விலை, 8 மணிக்கெல்லாம் காலியாம்.

"ராசி மாப்ளே. நமக்கு உக்காந்து விக்கிற ராசி இல்லீங்" என்று போனில் சொன்னார்.

எனக்கு ராசியில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு நாள் முன்னாலேயே கிளம்பி நரசீபுரம் வந்துவிட்டேன். வண்டியில் காய் மூட்டைகளுக்கு நடுவே எனக்கு ஒரு இடம் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் அரசாணிக்காய், மடியில் கறிவேப்பிலைக் கட்டு.

தொண்டாமுத்தூர் தாண்டி வடவள்ளி வரும்வரை சாலை எங்களுக்கே சொந்தமாக இருந்தது. வெள்ளியங்கிரிப் பக்கமிருந்து இறங்கும் குளிர் காற்று காய்களுக்கு நல்லது, எனக்கு ஆகவில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தைக் கடந்து லாலி ரோட்டில் திரும்பும்போது ஊர் மெல்லச் சோம்பல் முறித்தது. காய் எல்லாம் இந்தப் பல்கலைக்கழகத்தின் மதில் ஓரமாகத்தான் தினமும் சந்தைக்குப் போகிறது. விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் உள்ளே எவ்வளவோ ஆராய்ச்சி. விளைந்ததை எப்படி அடுக்கி வைத்து விற்பது என்று மாமாவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உழவர் சந்தை தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டு பிறந்தது. நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையை அன்றைய முதல்வர் மு.கருணாநிதி திறந்துவைத்தார். அதே ஆண்டில்தான் ஆந்திரத்தில் ரைத்து பஜார் தொடங்கியிருந்தது. பஞ்சாபில் அப்னி மண்டி 1980களிலேயே வந்துவிட்டது. யோசனை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: நடுவில் ஆள் வேண்டாம். கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே கொடுக்கும். விலையை மட்டும் விவசாயி வைக்க முடியாது. அன்றைய மொத்த விலையைவிட 20 சதவீதம் வரை கூட, வெளிக்கடைச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் வரை குறைவு என்பது கணக்கு. அதைப் பலகையில் எழுதிவிடுவார்கள். நூறு பேர் கடை போட்டாலும் நூறு பேருக்கும் அந்த ஒரே பலகைதான்.

எனக்கு இங்கேதான் ஆர்வம் கூடியது. வெளியே கடை போடுகிறவன் விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கலாம். இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது. விலை ஒன்று, காய் கிட்டத்தட்ட ஒன்று, கூரையும் ஒன்று. பிறகு ஏன் ஒரு கடையில் நெரிசல், பக்கத்தில் ஈ ஓட்டம்?

ஆர்.எஸ்.புரம் சந்தைக்குள் நுழையும்போது இன்னும் இருட்டாக இருந்தது. ரத்தினசபாபதிபுரம் என்ற முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரருக்கே விளங்காத காலம் இது. டியூப் லைட் வெளிச்சத்தில் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மாமாவுக்கு ஒதுக்கிய இடத்துக்கு நேர் எதிரே, அவர் சொன்ன அந்தக் கடைக்காரப் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ஆலாந்துறைப் பக்கம். மகன் டிவிஎஸ் எக்ஸலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பால் ஊற்றப் போய்விட்டானாம். அறுபதைத் தாண்டிய வயது, காதில் சின்னத் தோடு, இடுப்பில் சுருக்குப்பை.

நான் மாமாவுக்கு ஒத்தாசை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டார். பின்வரிசையில் இரண்டு அடுக்கு, முன்வரிசையில் ஒன்று. படிக்கட்டு மாதிரி ஆனது. அதன்மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து நான்கு மூலையையும் உள்ளே செருகினார். அந்த வேட்டியின் மேல் கத்திரிக்காய் வந்து உட்கார்ந்ததும் ஊதா நிறம் தனியாக எழுந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். மாமா தரையில் நீலத் தார்ப்பாயை விரித்து அதே கத்திரிக்காயைக் கொட்டிக்கொண்டிருந்தார். நீலத்தில் ஊதா எங்கே தெரியும்? ஏதோ கருப்பாகக் குவிந்து கிடந்தது.

பெரியம்மா காயைக் கொட்டவில்லை. இரண்டு கையாலும் அள்ளி வைத்தார். காம்பும் பச்சை மூடியும் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். கத்திரிக்காய் எப்போது பறித்தது என்பதை அதன் உடம்பைவிட மூடிதான் சொல்லும். நேற்று மாலை பறித்ததென்றால் முள் கூடக் குத்தும். தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, இரண்டு அடுக்குக்குமேல் ஏற்றாமல் பரப்பினார். அரசாணிக்காய் ஒன்றை அறுத்து, ஆரஞ்சுச் சதை வெளியே பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே உச்சியில் வைத்தார். சந்தைக்குள் நுழைகிறவர் கண் இருபதடி தூரத்திலிருந்தே அதில் போய் விழுந்தது. கொத்தமல்லியை நனைந்த சாக்கில் சுற்றி நிழலில் ஒதுக்கினார். ஒவ்வொரு கீரைக்கட்டையும் வாழைநாரில் கட்டியிருந்தார்; ரப்பர் பேண்டு இல்லை.

கடைசியாக ஒரு காரியம் செய்தார். வெண்டைக்காய்க் குவியலின் உச்சியில் இருந்த ஒரு காயை எடுத்து, நுனியைப் 'பட்'டென்று ஒடித்து, ஒடித்ததை அங்கேயே பார்வைக்கு வைத்துவிட்டார்.

"ஏனுங் பெரியம்மா, நீங்களே ஒடிச்சுட்டீங்க?"

"வர்றவிய எல்லாம் ஒண்ணொண்ணா ஒடிச்சுப் பாப்பாங்க கண்ணு. பத்துப் பேரு வந்தா அரைக் கிலோ போச்சு. நானே ஒண்ண ஒடிச்சு வெச்சுட்டா, பிஞ்சுன்னு தெரிஞ்சுக்குவாங்க. பாதிப்பேரு கைய வெக்க மாட்டாங்க."

5 மணிக்கெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நடைப்பயிற்சி முடித்துவிட்டு, கேன்வாஸ் ஷூவோடு வருகிறவர்கள்தான் முதல் அணி. இவர்கள் கையில் பை இருக்காது, பாக்கெட்டில் பணமும் இருக்காது. பெரியம்மா இரண்டுக்கும் வழி வைத்திருந்தார். தராசுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை. ஒரு கொக்கியில் மஞ்சப்பைகள். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு இயக்கம் தொடங்கியது. இரண்டுக்கும் முன்பே மகன் கல்யாணத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகளை இவர் கடைக்குக் கொண்டுவந்துவிட்டாராம். பையில் மணமக்கள் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் வயதானவர்கள். மூட்டுவலிக்காரர்கள் தரையில் கிடக்கும் குவியலை நின்றபடியே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குனிந்து பொறுக்குவது அவர்களுக்குப் பெரிய வேலை. இடுப்பு உயரத்தில் காய் இருந்தால் நிற்கிறார்கள். மாமா கடையின் முன்னால் வந்து, ஒரு நொடி தயங்கி, எதிர்ப்பக்கம் போனவர்களை எண்ணினேன். பன்னிரண்டோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். மாமா காலிப் பெட்டிகளுக்குப் பின்னால் அரண் கட்டியதுபோல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கை வைத்துப் பொறுக்கினால், "எல்லாம் ஒரே காய்தானுங்க, பொறுக்காதீங்க" என்றார். அவர் சொன்னது உண்மையல்ல. குவியலில் சொத்தைக் காயும் இருந்தது. வீட்டில் தரம் பிரிக்க நேரமில்லை என்று அப்படியே கொண்டுவந்திருந்தார். வாங்குகிறவருக்கு ஒரு சொத்தை கண்ணில் பட்டுவிட்டால் குவியல் முழுக்கச் சந்தேகம்தான்.

பெரியம்மா கடையில் தாராளமாகப் பொறுக்கவிட்டார். பொறுக்கினாலும் கழிப்பதற்கு ஒன்றும் அகப்படாது. முந்தின ராத்திரியே வீட்டில் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துவிடுவாராம். வளைந்தது, சிறுத்தது, லேசாகத் தழும்பு விழுந்தது எல்லாம் ஒரு தனிக் கூடையில் கடை ஓரத்தில் இருந்தன. அதை மறைக்கவில்லை. "இது ரெண்டாந்தரமுங்க, விலை குறைச்சுத் தர்றேன்" என்று அவரே சொல்லிவிடுகிறார். ஒரு மெஸ்காரர் வந்து அந்தக் கூடையை மொத்தமாக எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குள் என் கை சும்மா இருக்கவில்லை. மாமா கடையைச் சீர்படுத்துகிறேன் பேர்வழி என்று இரண்டு பெட்டியைக் கவிழ்த்தேன், கத்திரிக்காயை மேலே ஏற்றினேன். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பெரிய கடைகளில் பார்த்த மாதிரி எல்லாவற்றின் மேலும் தாராளமாகத் தெளித்தேன். காய்கள் பளபளத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிரிலிருந்து பெரியம்மா எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன சாமி பண்றே? வெண்டைக்காய்க்குத் தண்ணி காட்டலாமா? ஒரு மணி நேரத்துல கருத்துப் போயிரும். சின்ன வெங்காயத்துலயும் ஊத்திட்டயா? பட்டறையில காய வெச்சுக் காய வெச்சு எடுத்தாந்தது!"

கீரைக்குத் தண்ணீர் வேண்டும், கறிவேப்பிலைக்கு ஈரச் சாக்கு போதும், கத்திரிக்காயை ஈரத்துணியால் துடைத்தால் மினுங்கும், வெண்டைக்கும் வெங்காயத்துக்கும் ஒரு சொட்டும் ஆகாது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் துண்டால் வெங்காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா அன்று காலையில் முதல்முறையாகச் சிரித்தார். அன்றைக்கு வெண்டைக்காய் விற்காமல் போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

7 மணிக்குமேல் கூட்டம் உச்சத்தில் இருந்தது. அப்போதுதான் பெரியம்மாவின் இன்னொரு வேலை பிடிபட்டது. பெட்டியில் காய் பாதியாகக் குறைந்ததும், அதைக் கூடைக்கு மாற்றினார். கூடை பாதியானதும் முறத்துக்கு மாற்றினார். எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏதோ ஒன்று நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. "கொஞ்சமாக் கெடந்தா கழிச்சுப் போட்ட மிச்சமுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார். நான்கு கிலோ கத்திரிக்காய் பெரிய பெட்டியின் அடியில் கிடந்தால் மிச்சம். அதுவே முறத்தில் குவித்தால் 'கடைசியாக நல்லது கொஞ்சம் இருக்கிறது' என்று தோன்றுகிறது. கண்ணை ஏமாற்றுவது என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. காய் அதே காய்தான்.

முன்வரிசையில் கூறு கட்டியும் வைத்திருந்தார். இரண்டு முருங்கைக்காய், நாலு கத்திரி, ஒரு கை சின்ன வெங்காயம், மூன்று தக்காளி, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒரு வீட்டுச் சாம்பாருக்கு அளவாக இருந்தது. ஐடி வேலைக்குப் போகிற ஜோடி ஒன்று வந்து விலைப் பலகையையும் காய்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் கூறை எடுத்துக்கொண்டது.

"என்ன ஆக்கறதுன்னு தெரியாமத்தான் பாதிப்பேரு வர்றாங்க கண்ணு. நாமதான் சொல்லிக் குடுக்கோணும். புடலங்காய்ல கடலப்பருப்புப் போட்டுக் கூட்டு வெய்யி அம்மிணின்னு சொன்னா, புடலங்காயும் போவும், நாளைக்கி எப்படி இருந்துதுன்னு சொல்றதுக்கு அவளும் வருவா."

வாங்கியவர்கள் எல்லோருக்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறு. கேட்டுக் கொடுக்கவில்லை, கேட்பதற்கு முன்பே பையில் விழுந்தது. கேட்ட பிறகு கொடுத்தால் அது கொசுறு இல்லை, பேரம் என்பது அவர் கட்சி. சுருக்குப்பையில் பத்தும் இருபதுமாக நோட்டுகளை முந்தின நாளே மாற்றி வைத்திருந்தார். மாமாவோ ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்.

எட்டரை மணிக்குப் பெரியம்மா வேட்டியை உதறி மடித்துவிட்டார். மாமாவிடம் 9 கிலோ கத்திரிக்காய் மிச்சம். முதல் நாளின் 18க்குப் பாதி. "பரவால்லியே மாப்ளே" என்றார். கருத்த வெண்டைக்காயைப் பற்றி இருவரும் பேசவில்லை. வீட்டில் மாட்டுக்கு ஆகிவிட்டது.

மறுநாள் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டி ஏறினேன். பல்லடம், தாராபுரம் வழி. காங்கேயம் காளைகளின் சீமையைத் தொட்டுக்கொண்டு போகிற வறண்ட சாலை. ஜன்னலுக்கு வெளியே முருங்கைத் தோட்டங்கள் வரத் தொடங்கினால் ஒட்டன்சத்திரம் நெருங்கிவிட்டது. அங்கே இறங்கி காந்தி காய்கறி மார்க்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் சுற்றினேன். கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. மலைபோல் முருங்கைக்கட்டு, மூட்டை மூட்டையாகக் காய். விளைவித்தவர் மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நின்று பீடி பற்றவைக்கிறார். அதோடு அவர் வேலை முடிந்தது. அடுக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை, சிரிக்க வேண்டியதில்லை. சீட்டு வரும், வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். சந்தைக் கடை பழகாத விவசாயிக்கு மண்டி ஏன் சௌகரியமாக இருக்கிறது என்று அங்கே நின்றபோது புரிந்தது. இருபது வருடம் மூட்டையை இறக்கிவிட்டு ஓரமாக நின்ற மனிதரை, ஒரே நாளில் வியாபாரி ஆகு என்று அட்டை கொடுத்து அனுப்பினால் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

மதுரை போய்ச் சேர்ந்தேன். மறுநாள்தான் கல்யாணம், அதுவும் 10 மணிக்குமேல்தான் முகூர்த்தம். விடிந்தும் விடியாமலும் ஆட்டோ பிடித்து அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போனேன். தமிழ்நாட்டின் முதல் சந்தை. இடையில் ஆட்சி மாறியபோது பல ஊர்ச் சந்தைகள் சோர்ந்து கிடந்து பிறகு எழுந்தன. இது கூட்டத்தோடுதான் இருந்தது. கோவையில் அரசாணியாக இருந்தது இங்கே சர்க்கரைப் பூசணியாகிவிட்டது. 'ங்க' போய் 'ண்ணே' வந்துவிட்டது.

பெரியம்மா கற்றுக்கொடுத்த கண்ணோடு கடை கடையாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு கடை அலங்காரமாக இருந்தது. கேரட், பீன்ஸ், உருளை, முள்ளங்கி, கத்திரி, வெண்டை, மாங்காய், இஞ்சி என்று இருபது வகை, எல்லாம் ஒரே அளவாக, வரிசை பிசகாமல். பார்க்க அழகுதான். ஆனால் மதுரைச் சீமையில் எந்தத் தோட்டத்தில் இந்த இருபதும் ஒன்றாக விளைகிறது? மலைக்காய்க்குத் தனி ஏற்பாடு இருக்கலாம். அது தவிர, விவசாயி என்ற பெயரில் வியாபாரிகள் உள்ளே வந்துவிடுகிறார்கள் என்பது இந்தச் சந்தைகளைப் பற்றிப் பல ஊர்களிலும் காலம் காலமாகச் சொல்லப்படும் புகார். அந்தக் கடைக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது, பழி போடவும் விருப்பமில்லை. ஆனால் அந்த அழகு என்னைக் கொஞ்சம் உறுத்தியது. விவசாயி கடையில் அன்றைக்கு விளைந்ததுதான் இருக்கும். நாலு இருக்கும், ஆறு இருக்கும்.

அப்படி ஐந்தே வகையோடு ஒரு கடை மூலையில் இருந்தது. படிக்கட்டு அடுக்கு இல்லை, வெள்ளை வேட்டி இல்லை. சாக்கை விரித்துக் கீரை, அவரை, பீர்க்கு, சுரை, கொஞ்சம் மொச்சை. அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர். அவர் தலைக்குமேல் தூணில் ஒரு காய்ந்த சுரைக்குடுவை தொங்கியது. விதைக்கு விட்ட சுரையாம். பெரியம்மாவின் இலக்கணப்படி பார்த்தால் இந்தக் கடை தேறாது. ஆனால் ஏழெட்டுப் பேர் அவரைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"அந்தக் குடுவை எதுக்குங்கய்யா?"

"நமக்கு இங்கன சொந்த இடம் கிடையாதுல்ல தம்பி. இன்னைக்கு இந்த மூல, நாளைக்கு எங்கன கொடுக்குறாங்களோ. வர்றவுக எப்படிக் கண்டுபுடிப்பாக? குடுவையப் பாத்து வந்துருவாக."

உண்மைதான். கூட்டத்துக்குள் ஒரு அம்மாள் தன் மகளிடம், "அந்தா பாரு, குடுவைக்காரர் இன்னைக்கு இந்தப் பக்கம்" என்று கைகாட்டிக்கொண்டே வந்தார். பிளெக்ஸ் போர்டும் பெயர்ப்பலகையும் செய்யாத வேலையைச் செலவில்லாத ஒரு சுரைக்குடுவை செய்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நின்று அவர் விற்பதைக் கேட்டேன். அவரைக்காயை எடுத்த ஒருவரிடம், "அண்ணே, இது முந்தாநாள் பறிச்சது. பொரியலுக்குச் சரியா வராது, கூட்டுக்கு வேணா எடுங்க. நாளைக்குப் புதுசு வரும்" என்றார். எடுத்தவர் அவரையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்த விற்பனைத் தந்திரங்களிலேயே இதுதான் பெரியது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அவர் அதைத் தந்திரமாகச் செய்ததாகத் தெரியவில்லை. பழைய அவரையைப் பழையது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் கீரையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா கடை முதல்முறை வருகிறவரை நிறுத்துகிற கடை. பெரியவர் கடை மறுமுறை வருகிறவர்களால் நிற்கிற கடை. மாமா போன்ற புதியவருக்கு எது முதலில் வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் பெரியம்மாவின் வேட்டியைத்தான் சொல்வேன். ஆளே வந்து நிற்காத கடையில் நாணயத்தை யாரிடம் காட்டுவது?

கல்யாண வீட்டுக்குப் போகும்போது கையில் மொச்சை ஒரு கிலோ இருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர், "மொய்யா?" என்று கேட்டார்.

பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தாள். மாமா தன் கல்யாணப் பட்டு வேட்டியைத் தவிர வீட்டில் இருந்த வெள்ளை வேட்டியெல்லாம் சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டாராம். ராத்திரி இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டே காய் பிரிக்கிறார்களாம். "நேத்து மூணு கிலோதான் மிச்சம். அதையும் ஒரு மெஸ்காரர் வந்து எடுத்துக்கிட்டார்" என்றாள். பெரியம்மா தன் மெஸ்காரரைப் பகிர்ந்துகொண்டாரா, மாமா கடத்திவிட்டாரா என்று விசாரிக்கவில்லை.

உழவர் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையும் பத்து இருபது ரூபாய்ச் சில்லறையும் எடுத்துக்கொண்டு போங்கள். சுரைக்காயில் நகத்தை அழுத்தாதீர்கள், முருங்கைக்காயை முறுக்காதீர்கள். வெண்டைக்காயைத் தயவுசெய்து ஒடிக்காதீர்கள். குவியலின் உச்சியில் பாருங்கள், உங்களுக்காக ஒன்றை அவர்களே ஒடித்து வைத்திருப்பார்கள்.